கோஃபர் மெனு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

கோஃபர் என்பது மெனுக்கள் வழியே கோப்புகளைத் தரும் பழைய இணைய நெறிமுறை. அதில் உங்கள் பக்கத்தின் மெனுவை வைத்திருக்கும் கோப்பான கோஃபர்மேப்பை எழுதிப் போட்டாயிற்று. திறந்து பார்த்தால் இணைப்பு எதுவும் இணைப்பாக இல்லை. இல்லாவிட்டால் எல்லாம் இருக்கிறது, ஒரு வரியின் முதல் எழுத்து மட்டும் கட்டமாக நிற்கிறது. அதுவும் இல்லாவிட்டால் உங்கள் கணினியில் அழகாக வருகிற மெனு, நண்பர் பார்த்தால் வரவே மாட்டேன் என்கிறது.

பொதுச் சர்வர் ஒன்றில் பக்கம் வைத்திருக்கும் நண்பர்களின் மெனுக்களைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்துவருகிறேன். வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியால் வருபவை: டேப், இடைவெளி, வரிமுடிவு, கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்ட மூன்று பைட். அதனால் மெனுவை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத உட்காராதீர்கள். அதே எடிட்டர் அதே பிழையைத்தான் மறுபடி போடும்.

மெனு வரி எப்படி இருக்க வேண்டும் என்பது 1993 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 1436 என்ற கோஃபர் நெறிமுறை ஆவணத்தில் இருக்கிறது. இன்றுவரை அது மாறவில்லை:

வகைக்குறியும் பெயரும் [டேப்] செலக்டர் [டேப்] ஹோஸ்ட் [டேப்] போர்ட்

செலக்டர் என்பது சர்வரிடம் கேட்கும் கோப்பின் பாதை, ஹோஸ்ட் என்பது சர்வரின் பெயர், போர்ட் என்பது அதன் வாசல் எண். வகைக்குறி ஒரே ஓர் எழுத்து. உரைக் கோப்புக்கு 0, இன்னொரு மெனுவுக்கு 1, தேடலுக்கு 7, பைனரிக்கு 9. அதற்கும் பெயருக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. இந்த ஒரு வரி மனத்தில் இருந்தால் போதும், கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே அளவுகோல்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு பார்வை

கோப்பில் என்ன இருக்கிறது? லினக்ஸில் கேட் கட்டளைக்கு ஒரு சிறு கோடும் கேபிடல் டி-யும் சேர்த்து கோஃபர்மேப்பைத் திறங்கள். டேப் இருக்கும் இடமெல்லாம் தொப்பிக்குறியும் கேபிடல் ஐ-யுமாகத் தெரியும். பலரும் சொல்லித்தருவது கேபிடல் ஏ. தமிழ் மெனுவுக்கு அது உதவாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் எம், கோடு, குறி என்று சிதைத்துக் காட்டி, டேப் எங்கே என்றே தெரியாமல் செய்துவிடும். கேபிடல் டி தமிழைத் தொடாது.

கம்பியில் என்ன போகிறது? டெல்நெட்டில் உங்கள் ஹோஸ்ட் பெயரையும் 70 என்ற போர்ட்டையும் கொடுங்கள். இணைந்ததும் வெறுமனே என்டர் தட்டுங்கள். சர்வர் அனுப்புகிற மெனு அப்படியே கொட்டி, இணைப்பு அறுந்துவிடும். உள் மெனு வேண்டுமானால் என்டருக்கு முன் அதன் செலக்டரை அடியுங்கள். கர்ல் இருந்தால் அதுவும் கோஃபர் முகவரியை எடுக்கும்.

கோப்பிலேயே தப்பு என்றால் எடிட்டரைப் பாருங்கள். கோப்பு சரி, கம்பியில் தப்பு என்றால் சர்வர் அமைப்பு. கம்பியிலும் சரி, திரையில் மட்டும் தப்பு என்றால் கிளையன்ட், அதாவது மெனுவைத் திறந்து பார்க்கிற நிரல். இந்தப் பிரிவைச் செய்யாமல் எதையும் மாற்றாதீர்கள். கிளையன்ட் கோளாறுக்குக் கோப்பை மாற்றி, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர்.

## இணைப்புகள் வெறும் எழுத்தாக வருகின்றன

### எல்லா வரியும் அப்படித்தான்

டேப் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இருக்கிறது. பத்துக்கு ஒன்பது முறை காரணம் இதுதான். பக்டூத், கோஃபர்னிகஸ் போன்ற சர்வர்கள் டேப் இல்லாத வரியைத் தகவல் வரி என்று எடுத்துக்கொண்டு வெறும் எழுத்தாகக் காட்டும். அதில் சர்வரின் குற்றம் எதுவும் இல்லை.

எங்கிருந்து வந்தது இடைவெளி? முதல் சந்தேகம், வெட்டி ஒட்டியது. டெர்மினல் திரையிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ மாதிரி மெனுவை எடுத்து ஒட்டினால் டேப் பெரும்பாலும் இடைவெளியாகிவிடும். இரண்டாவது, எடிட்டர். நிரல் எழுதுகிறவர்கள் விம்மில் டேப்பை இடைவெளியாக விரிக்கும் எக்ஸ்பாண்ட்டேப் அமைப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். மெனு எழுதும்போது அதை அணைக்க வேண்டும். அணைக்காமலே ஒரு டேப் மட்டும் வேண்டுமென்றால், எழுதும் நிலையில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு டேப் விசையைத் தட்டுங்கள். நானோவில் டேப்ஸ்-டு-ஸ்பேசஸ் என்ற அமைப்பு இருக்கிறதா என்று அதன் அமைப்புக் கோப்பில் பாருங்கள்.

திருத்தும்போது, அடுத்தடுத்து நிற்கும் இடைவெளிகளை எல்லாம் ஒரேயடியாக டேப்பாக மாற்றும் கட்டளையை ஓடவிடாதீர்கள். அலங்காரத்துக்காகத் தள்ளி எழுதிய வரிகளிலும் டேப் புகுந்து, அடுத்த தலைப்பில் வருகிற கோளாறு தொடங்கும். இணைப்பு வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். இருபது வரி மெனுவுக்கு ஐந்து நிமிடம்.

உங்கள் சர்வர் ஜியோமைடே என்றால் கதை வேறு. அது டேப் வரியை எதிர்பார்ப்பதில்லை. சதுர அடைப்புக்குள் வகை, பெயர், செலக்டர், ஹோஸ்ட், போர்ட் என்று நெட்டுக்கோடு போட்டுப் பிரித்து எழுத வேண்டும். கோப்பின் பின்னொட்டும் ஜிபிஎச். வேறு சர்வருக்கு எழுதிய மெனுவை அங்கே போட்டால் அது மெனுவாகவே நடக்காது.

### ஒன்றிரண்டு வரி மட்டும்

அந்த வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். சின்ன ஐ தகவல் வரிக்கு. கேபிடல் ஐ படத்துக்கு. படத்தின் பெயர் தெரிகிறது, அழுத்த முடியவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒன்று என்ற எண்ணுக்குப் பதில் சின்ன எல் அடித்திருப்பதும் உண்டு. சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

## ஒரு வரியின் முதல் எழுத்து உடைகிறது

தமிழில் மெனு எழுதுகிறவர்களுக்கென்றே வருகிற கோளாறு இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் இதைத் தேடினாலும் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

### வரியின் நடுவில் எங்கோ டேப் இருக்கிறது

"இன்று எழுதியவை" என்று ஒரு தகவல் வரி எழுதுகிறீர்கள். அழகுக்காகத் தேதியை வலப்பக்கம் தள்ள டேப் தட்டுகிறீர்கள். டேப் இருப்பதால் சர்வர் அதை இணைப்பு வரி என்று நினைக்கிறது; வரியின் முதல் பைட்டை வகைக்குறியாகப் பிய்த்தெடுக்கிறது. ஆங்கில வரி என்றால் ஓர் எழுத்து போகும், அவ்வளவுதான். ஒருங்குறி எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து மூன்று பைட். முதல் பைட் போனபின் மிச்சம் இரண்டும் எந்த எழுத்தும் ஆகாது. திரையில் "இ" இருக்க வேண்டிய இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ நிற்கும். தேதி காணாமல் போய்ச் செலக்டர் ஆகியிருக்கும்.

திருத்தம் இரண்டு விதம். டேப்பை எடுத்துவிட்டு இடைவெளி போடுங்கள். அல்லது வரியின் தலையில் சின்ன ஐ வைத்து, நான்கு பகுதியும் உள்ள முழுத் தகவல் வரியாக எழுதுங்கள். சின்ன ஐ வகை ஆர்எஃப்சி 1436-இல் இல்லை. பின்னாளில் வழக்கத்தில் வந்து நிலைத்தது. இருந்தாலும் இன்று புழங்கும் கிளையன்ட்கள் அதை அறியும்.

இணைப்பு வரியிலேயே இது நடந்தால், வகைக்குறியை எழுத மறந்துவிட்டீர்கள். "கவிதைகள்" என்று தொடங்கக் கூடாது, "1கவிதைகள்" என்று தொடங்க வேண்டும்.

### கோப்பின் முதல் வரி மட்டும் உடைகிறது

பிஓஎம். யுடிஎஃப்-8 கோப்பின் தலையில் சில எடிட்டர்கள் ஒட்டுகிற மூன்று பைட். பழைய விண்டோஸ் நோட்பேட் யுடிஎஃப்-8 என்று சேமித்தாலே இதைச் சேர்த்துவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் இது இல்லாமல் சேமிப்பது இயல்பானது. லினக்ஸில் ஃபைல் என்ற கட்டளையைக் கோப்பின்மேல் ஓடவிட்டால் பிஓஎம் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். விம்மில் நோபாம் என்று அமைத்துச் சேமித்தால் போய்விடும். இதற்காக முதல் வரியை எத்தனை முறை அழித்து எழுதினாலும் பயனில்லை. அந்த மூன்று பைட் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

## தமிழ் முழுவதும் குப்பையாக வருகிறது

எந்த மாதிரிக் குப்பை என்று பாருங்கள். குப்பையின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

### தலையில் கோடு போட்ட சின்ன ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி

கோப்பு நன்றாகவே இருக்கிறது. யுடிஎஃப்-8 தமிழை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று நினைத்துப் படிக்கிற கிளையன்ட் இப்படித்தான் காட்டும். லின்க்ஸ் என்ற எழுத்து உலாவியில் விருப்பங்கள் பக்கத்துக்குப் போய்த் திரை எழுத்துத்தொகுதி, ஆவண எழுத்துத்தொகுதி இரண்டையும் யுடிஎஃப்-8 ஆக்குங்கள். டெர்மினலின் லோகேலும் (மொழி அமைப்பும்) யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும்.

### எல்லாம் கேள்விக்குறி

கம்பியில் பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் சர்வரே எழுத்தை மாற்றி அனுப்புகிறது. கோஃபர்னிகஸில் வெளியீட்டு எழுத்துத்தொகுதிக்கு ஒரு விருப்பம் உண்டு. அதை யுடிஎஃப்-8 என்று வைக்க வேண்டும். பொதுச் சர்வரில் அந்த அமைப்பு உங்கள் கையில் இருக்காது. நிர்வாகிக்கு எழுதுங்கள், கம்பியில் வந்த ஒரு வரியையும் கோப்பில் இருக்கும் அதே வரியையும் சேர்த்து அனுப்பினால் அவர் உடனே புரிந்துகொள்வார்.

### கட்டம் கட்டமாக, அல்லது கொம்பும் காலும் இடம்மாறி

எழுத்துரு இல்லை, அல்லது டெர்மினலுக்குத் தமிழ் உயிர்க்குறிகளைச் சேர்க்கத் தெரியவில்லை. மெனுவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேறு டெர்மினலில், அல்லது லக்ராஞ்ச் போன்ற சாளரக் கிளையன்ட்டில் திறந்து பாருங்கள்.

### மெனு சரி, உள்ளே திறக்கும் பழைய நூல் மட்டும் குப்பை

நூல் டிஸ்கியில், அதாவது ஒருங்குறி பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல டிஸ்கியில் வந்தன, பிறகுதான் ஒருங்குறிக்கு மாறின. அந்தக் காலத்துச் சேமிப்பு கையில் இருப்பவர்கள் அதை அப்படியே கோஃபரில் ஏற்றிவிடுகிறார்கள். லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும்: டிஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8-க்கு என்று கொடுத்தால் ஒரு நொடியில் மாற்றித் தரும். பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் ஐகான்வ் உதவாது, தனி மாற்றி வேண்டும். மாற்றியதும் முதல் பத்து வரியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். இந்த நூல்களை யாரோ இரவெல்லாம் கண் விழித்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். நம் கையில் அவை உடையக் கூடாது.

## என் மெனு வரவில்லை, கோப்புப் பட்டியல் வருகிறது

மெனுக் கோப்பு சர்வர் கண்ணில் படவில்லை.

பெயரைப் பாருங்கள். கோஃபர்மேப் என்பது முழுவதும் சின்ன எழுத்தில், பின்னொட்டு இல்லாமல் இருக்க வேண்டும். விண்டோஸிலிருந்து ஏற்றியவர்களுக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கும். விண்டோஸ் அதை மறைத்துக் காட்டுவதால் அவர்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

அடுத்து அனுமதி. கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755. கோஃபர்னிகஸ் எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதி உள்ள கோப்பை மட்டுமே தரும். கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் வரவில்லையா? மேலே உள்ள ஃபோல்டர்களைப் பாருங்கள். வீட்டு ஃபோல்டருக்குள் பொதுக் கோஃபர் ஃபோல்டர் வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: உபுன்டு 21.04 முதல் புதிய வீட்டு ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு உருவாகின்றன, வெளியார் அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. நேம்ஐ கட்டளைக்குச் சின்ன எல் சேர்த்து முழுப் பாதையையும் கொடுத்தால் ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் கதவு சாத்தியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

### மெனு காலியாக வருகிறது

கோப்புக்கு இயக்க அனுமதி இருக்கிறதா பாருங்கள். கோஃபர்னிகஸ் உட்படச் சில சர்வர்கள், இயக்க அனுமதி உள்ள கோஃபர்மேப்பை நிரல் என்று நினைத்து ஓட்டப் பார்க்கும். பென்டிரைவிலிருந்து நகலெடுத்த கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அந்த வகை வட்டுகளை லினக்ஸ் இணைக்கும்போது எல்லாக் கோப்புக்கும் இயக்க அனுமதி இருப்பதுபோலக் காட்டும். 644 ஆக்கினால் தீர்ந்தது.

## மெனு பாதியில் நிற்கிறது, அல்லது சில வரிகள் காணவில்லை

காணாமல் போன வரியின் முதல் குறி என்ன? கோஃபர்னிகஸில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. ஹேஷ் குறி வந்தால் அது குறிப்பு வரி, காட்டாது. சிறு கோடு வந்தால் அந்தப் பெயருள்ள கோப்பைப் பட்டியலில் மறைக்கும் கட்டளை. சமக்குறி வந்தால் இன்னொரு கோப்பை உள்ளே சேர்க்கும் கட்டளை. நட்சத்திரக்குறி வந்தால் மெனுவை அங்கேயே நிறுத்திக் கோப்புப் பட்டியலைப் போடும். புள்ளி வந்தால் முழுவதுமாக நிறுத்தும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், நாமெல்லாம் தலைப்புக்குக் கீழே என்ன போட்டு அடிக்கோடிடுகிறோம்? சிறு கோடு, சமக்குறி, நட்சத்திரம். அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம் வருகிறது. அலங்கார வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள், போதும். வேறு சர்வரிலிருந்து கோஃபர்னிகஸுக்கு மாறுகிறவர்கள் ஏற்றுவதற்கு முன்பே இந்தக் குறிகளில் தொடங்கும் வரிகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

எந்தச் சர்வரானாலும் தனியாக நிற்கும் ஒற்றைப் புள்ளி ஆபத்து. கோஃபரில் மெனு முடிந்தது என்பதற்கு அடையாளமே அதுதான். கோப்பின் இறுதியில் நீங்களாகவும் அதை எழுத வேண்டாம், சர்வர் போட்டுக்கொள்ளும்.

## இணைப்பை அழுத்தினால் கோப்பு இல்லை என்கிறது

செலக்டர்தான். எளிய காரணத்திலிருந்து வருகிறேன்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா? செலக்டரின் கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறதா? கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் செலக்டரிலும் அப்படியே இடைவெளியாகத்தான் எழுத வேண்டும். சதவீதக் குறியும் 20-உம் முகவரிப் பட்டைக்கு உரியவை, மெனுவில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்தது, முகவரியைச் செலக்டராக ஒட்டுவது. கோஃபர் முகவரியில் ஹோஸ்ட்டுக்குப் பிறகு சாய்கோடு, வகைக்குறி, அதற்கப்புறம் செலக்டர் என்று வரும். முகவரியிலிருந்து 1-ஐயும் சேர்த்து நகலெடுத்துச் செலக்டரில் போட்டால், சர்வர் 1 என்ற பெயரில் ஃபோல்டர் தேடும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பழைய சர்வரில் செலக்டரே வகைக்குறியோடுதான் தொடங்கும். 1990-களின் குறிப்புகளைப் படித்து எழுதுகிறவர்கள் இதனாலும் குழம்புகிறார்கள்.

சாய்கோட்டில் தொடங்காத செலக்டரை, ஹோஸ்ட் எழுதாமல் விட்டால், பக்டூத் போன்ற சர்வர்கள் அந்த ஃபோல்டரிலிருந்து கணக்கிட்டு நிரப்பும். ஹோஸ்ட் எழுதிவிட்டால் அப்படியே அனுப்பிவிடும். ஆகவே ஹோஸ்ட் எழுதினால் செலக்டரையும் வேரிலிருந்து முழுப் பாதையாக எழுதுங்கள். டேப் போட்டுவிட்டுச் செலக்டரைக் காலியாக விட்டால் பெயரையே செலக்டராக எடுத்துக்கொள்வதும் உண்டு. "1கவிதைகள்" என்று எழுதியவருக்குக் கவிதைகள் என்ற பெயரில் ஃபோல்டர் இல்லை என்ற பதில் வருவது இதனால்தான்.

விண்டோஸ் வரிமுடிவு. ஹோஸ்ட்டும் போர்ட்டும் எழுதாத வரிகளில் மட்டும் கோளாறு என்றால் இதைச் சந்தேகியுங்கள். வரியின் கடைசியில் உள்ள சிஆர் குறி செலக்டரோடு ஒட்டிக்கொள்கிறது. டாஸ்2யுனிக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓடவிடுங்கள்.

### எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இல்லை என்கிறது

கோப்பின் பெயர் தமிழிலா? அதில் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்து இருக்கிறதா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது.

"கொ" என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒரே உயிர்க்குறியாக. அல்லது க-வோடு கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாக. திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. லினக்ஸ் கோப்புப் பெயரைப் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது, அதனால் அதற்கு இவை இரண்டும் வேறு வேறு பெயர். கோப்பை ஒரு கணினியில் உருவாக்கி, மெனுவை இன்னொரு விசைப்பலகையில் எழுதினால் இது நேரலாம். ஒருமுறை "கொன்றை" என்ற ஒரே ஒரு கோப்புக்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவழித்தேன். கடைசியில் இரண்டு பெயரையும் எக்ஸ்எக்ஸ்டி வழியாகப் பைட்டாக விரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று மூன்று பைட் நீளம் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: மெனுவில் தெரியும் பெயர் தமிழில், கோப்பும் ஃபோல்டரும் எளிய ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்து மட்டும். செலக்டர் 255 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி சொல்கிறது. எண்ணுகிற சர்வர் பைட்டாக எண்ணினால் தமிழில் 85 குறிகள்தான் கொள்ளும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

## வலைத்தள இணைப்பு வேலை செய்யவில்லை

வகைக்குறி சின்ன எச். செலக்டர் கேபிடலில் யுஆர்எல், முக்காற்புள்ளி, பிறகு முழு வலை முகவரி. ஹோஸ்ட் இடத்தில் அந்த வலைத்தளத்தின் பெயரைப் போடாதீர்கள். உங்கள் சர்வர் பெயர்தான் அங்கே வர வேண்டும். இந்த வழக்கம் தெரியாத கிளையன்ட் உங்கள் சர்வரிடம் வந்து கேட்கும், சர்வர் வலைத்தளத்துக்குத் திருப்பிவிடும் பக்கத்தைத் தரும். வலைத்தளத்தின் பெயர் இருந்தால், கிளையன்ட் அங்கே போய் 70-ஆம் போர்ட்டைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

## வரிகள் மடிந்து அலங்கோலமாக வருகின்றன

காட்டும் பெயரை 70 எழுத்துக்குள் வையுங்கள். தமிழுக்கு இன்னும் குறைவாக, ஐம்பதுக்குள் வைத்தால் எல்லா டெர்மினலிலும் நிற்கிறது என்பது என் அனுபவம்.

## எனக்கு வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை

### யாருக்குமே வரவில்லை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதில் திறந்தார்கள்? குரோமுக்குக் கோஃபர் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் 2011-இல் வந்த 4-ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. லின்க்ஸ், லக்ராஞ்ச் இரண்டில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு ஃப்ளட்கேப் தளத்தில் வலை உலாவியிலேயே கோஃபர் பார்க்கும் வாயில் இருக்கிறது.

சர்வர் வீட்டில் இருந்தால், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசித் தரவில் நீங்களே திறந்து பாருங்கள். அங்கே வரவில்லையென்றால் சர்வர் கணினியின் ஃபயர்வாலில் 70-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, ரௌட்டரில் அந்தப் போர்ட்டை இந்தக் கணினிக்குத் திருப்பியிருக்கிறீர்களா என்று வரிசையாகப் பாருங்கள்.

### முதல் பக்கம் வருகிறது, உள்ளே எதுவும் திறக்கவில்லை

கம்பியில் வரும் மெனுவின் மூன்றாவது, நான்காவது பகுதிகளைப் படியுங்கள். லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, அல்லது 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் அதுதான் பிழை. இணைப்பை அழுத்துகிறவர் தன் கணினியையோ தன் வீட்டு நெட்வொர்க்கையோதான் தட்டிக்கொண்டிருக்கிறார். சர்வர் அமைப்பில் வெளியுலகப் பெயரைக் கொடுங்கள். போர்ட்டும் அப்படித்தான்: உள்ளே 7070-இல் ஓடவிட்டு வெளியே 70 ஆகத் திருப்பியிருந்தால், மெனுவில் 70 என்று வருமாறு சர்வருக்குச் சொல்ல வேண்டும்.

### எல்லாம் சரி, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை

ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ரௌட்டரில் எத்தனை போர்ட் திருப்பினாலும் அந்தச் சுவரைத் தாண்டாது. இங்கே நிறுத்திவிடுங்கள், மெனுவிலும் சர்வரிலும் இதற்குமேல் தேட ஒன்றுமில்லை. இணைய நிறுவனத்தை அழைத்துத் தனிப் பொது முகவரி வேண்டும் என்று கேளுங்கள், மாதக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், கோஃபர் இடம் தரும் பொதுச் சர்வர் ஒன்றில் கணக்கு வாங்கி, ஹோஸ்ட்டும் போர்ட்டும் எழுதாத மெனுவாக மாற்றி ஏற்றிவிடலாம்.

பொதுச் சர்வர் என்றால் ஃபயர்வாலும் ஹோஸ்ட் பெயரும் நிர்வாகியின் வேலை. அவருக்கு எழுதும்போது மூன்றை அனுப்புங்கள்: எந்தச் செலக்டர், கம்பியில் வந்த வரிகள், கோப்பின் அனுமதி. "என் பக்கம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால், அதே மூன்றைக் கேட்டுத்தான் அவர் பதில் போடுவார்.